விமானம் கிளம்பும் முன் சேர வேண்டிய சாட்சியம்

2014 ஜூன் மாதம் புதுச்சேரிக் கரையிலிருந்து 157 பேருடன் ஒரு படகு ஆஸ்திரேலியா நோக்கிக் கிளம்பியது. அநேகமாக எல்லோரும் இலங்கைத் தமிழர்கள். போர்க்காலத்தில் கடல் தாண்டி வந்து தமிழ்நாட்டு முகாம்களில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர்கள் அவர்களில் பலர். சுமார் ஐம்பது பேர் குழந்தைகள். பயணத்தின் கடைசிக் கட்டத்தில், படகில் எண்ணெய் கசிகிறது, உதவி வேண்டும் என்று நடுக்கடலிலிருந்து தொலைபேசியில் சொன்னார்கள். ஜூன் 29 அன்று கிறிஸ்துமஸ் தீவுக்கு அருகே ஆஸ்திரேலியச் சுங்கத் துறையின் 'ஓஷன் புரொடெக்டர்' கப்பல் அவர்களை மறித்து ஏற்றிக்கொண்டது. அதோடு பேச்சு நின்றுபோனது.

அந்த 157 பேரும் எங்கே இருக்கிறார்கள் என்று செய்தியாளர்கள் கேட்டார்கள். குடிவரவுத் துறை அமைச்சர் ஸ்காட் மாரிசன் பதில் சொல்லவில்லை. கடலில் நடக்கும் நடவடிக்கைகளைப் பற்றிப் பேசுவதில்லை என்பது அரசின் கொள்கை. அப்படி ஒரு படகு இருந்ததா என்பதைக்கூட உறுதிசெய்ய மறுத்தார்கள். அதே நாட்களில் இன்னொரு படகில் வந்த 41 பேரை, கடலிலேயே சுருக்கமாக விசாரித்து, மட்டக்களப்புக்கு அப்பால் இலங்கை அதிகாரிகளிடம் ஒப்படைத்துவிட்டதாக ஜூலை 7 அன்று அறிக்கை வந்தது. 157 பேருக்கும் இதே கதிதான் என்று அஞ்சிய வழக்கறிஞர்கள், நாட்டின் தலைமை நீதிமன்றமான உயர் நீதிமன்றத்தை அன்றே அணுகினார்கள். மறுநாள் அரசுத் தரப்பு, எழுத்துமூலம் 72 மணி நேர முன்னறிவிப்புத் தராமல் இவர்களை இலங்கையிடம் ஒப்படைப்பதில்லை என்று உறுதி கொடுத்தது. அவர்கள் உயிரோடு ஆஸ்திரேலியாவின் பிடியில் இருக்கிறார்கள் என்பதற்கு வெளியுலகம் கண்ட முதல் அத்தாட்சி அதுதான்.

அவர்கள் ஏறக்குறைய ஒரு மாதம் கப்பலிலேயே அடைபட்டிருந்தார்கள். ஜன்னலில்லாத அறைகள், நாளின் பெரும்பகுதி உள்ளேயே, ஆண்கள் தனியே, பெண்களும் குழந்தைகளும் தனியே. பிறகு சிறிது நாள் ஆஸ்திரேலிய மண், அதன்பின் நவூரு தீவு. 2015 ஜனவரியில், நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில், அந்தத் தடுப்புக்காவல் சட்டப்படி சரியே என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கில் தோற்றாலும் அந்த மனு ஒரு காரியத்தைச் சாதித்திருந்தது: சத்தமில்லாமல் கைமாற்றப்படவிருந்த மனிதர்களை, கைமாற்றுவதற்கு முன்பே பதிவேட்டில் ஏற்றிவிட்டது.

புகலிடம் தேடுவோரின் வாழ்க்கையை ஆவணப்படுத்துவது என்றால், எல்லாம் முடிந்த பிறகு வரலாற்றாசிரியர் வந்து சேகரிப்பது என்றே பொதுவாக நினைத்துக்கொள்கிறோம். தடுப்புக்காவலும் நாடு கடத்தலும் நடக்கும் இடத்தில் நிலைமை வேறு. அங்கே பதிவு என்பது நேரத்தோடு ஓடும் வேலை. சரியான கைக்கு ஒரு மணி நேரம் முன்பு சேர்ந்தால் அது ஓர் உயிரைக் காக்கும். ஒரு நாள் தாமதித்தால் மரண விசாரணையில் ஓர் இணைப்பாக மாறும்.

அரசு எழுதும் கோப்பு

விசா இல்லாமல் வருபவரைக் கட்டாயம் தடுத்து வைக்க வேண்டும் என்ற சட்டத்தை ஆஸ்திரேலியா 1992-இல் கொண்டுவந்தது. 2001 ஆகஸ்டில் நார்வே நாட்டுச் சரக்குக் கப்பலான 'டாம்பா', மூழ்கவிருந்த படகிலிருந்து 433 பேரைக் காப்பாற்றியது. அவர்களைக் கரையேற்ற மறுத்த அரசு, நவூருவிலும் பப்புவா நியூ கினியின் மானுஸ் தீவிலும் முகாம்களைத் திறந்தது. 2008-இல் மூடப்பட்ட அந்த ஏற்பாடு 2012-இல் மீண்டும் உயிர்பெற்றது. 2013 ஜூலை 19 அன்று அப்போதைய பிரதமர் கெவின் ரட், இனிப் படகில் வரும் எவருக்கும் ஆஸ்திரேலியாவில் குடியமர இடமில்லை என்று அறிவித்தார். அன்று கடலில் இருந்தவர்களுக்கு அந்த அறிவிப்பு தெரிந்திருக்க வழியே இல்லை.

முகாமுக்குள் நுழைந்தவுடன் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுக்கப்பட்டது. வந்த படகைக் குறிக்கும் மூன்று எழுத்துகள், அதன்பின் இலக்கங்கள். சாப்பாட்டு வரிசையிலும், மருந்து வாங்கும் இடத்திலும், காவலர் அழைக்கும்போதும் அந்த எண்தான். ஈரானிலிருந்து தப்பிவந்த குர்து இதழாளர் பெஹ்ரூஸ் பூச்சானிக்குக் கிடைத்தது எம்.இ.ஜி. 45. சூடானைச் சேர்ந்த அப்துல் அசீஸ் முஹமதுக்கு க்யூ.என்.கே. 002. வெளியே பேசும் மொழியையும் அரசு தீர்மானித்தது: படகில் வந்தோரை 'சட்டவிரோதமாக' வந்தவர்கள் என்றே குறிப்பிட வேண்டும் என்று 2013 அக்டோபரில் துறை ஊழியர்களுக்கு அமைச்சர் உத்தரவிட்டார். புகலிடம் கேட்பது குற்றமில்லை என்பது 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் அடிப்படை. ஆஸ்திரேலியா அதில் இணைந்த நாடு.

வெளியாள் வந்து எழுதுவதற்கும் வழி அடைக்கப்பட்டது. 2014 ஜனவரியில் நவூரு, செய்தியாளர் விசாக் கட்டணத்தை 200 ஆஸ்திரேலிய டாலரிலிருந்து 8,000 டாலராக உயர்த்தியது. விசா மறுக்கப்பட்டாலும் பணம் திரும்பாது. 2015-இல் வந்த எல்லைப் படைச் சட்டம், முகாமில் வேலை பார்ப்பவர் தான் கண்டதை அனுமதியின்றி வெளியே சொன்னால் இரண்டு ஆண்டுவரை சிறை என்றது. மருத்துவர்களும் செவிலியர்களும் ஆசிரியர்களும் இதில் அடக்கம். மருத்துவர்கள் நீதிமன்றம் சென்ற பிறகே, 2016-இல், மருத்துவப் பணியாளர்களுக்கு விலக்குக் கிடைத்தது.

ஆக, ஒரு மனிதனைப் பற்றிய முழுக் கோப்பும் அவனைத் தடுத்து வைத்திருப்பவரின் கையில். அது அவன் கைக்கு எட்டாது. வேறொரு கோப்பை அவன் தானே எழுதத் தொடங்க வேண்டியிருந்தது.

கம்பிக்குள் ஒரு கைப்பேசி

மானுஸ் முகாமில் கைப்பேசிக்குத் தடை. ஆனாலும் வேலிக்கு வெளியிலிருந்து ரகசியமாக வந்து சேர்ந்தன, காவலர்கள் சோதனையிட்டுப் பறித்தார்கள், மீண்டும் வந்தன. 2013 ஆகஸ்டில் அங்கே கொண்டுசெல்லப்பட்ட பூச்சானி, தொடக்கத்தில் புனைபெயரில்தான் செய்திகள் அனுப்பினார். 2014 பிப்ரவரி 17 இரவு முகாமுக்குள் நடந்த வன்முறையில் அவரைப் போலவே குர்து இனத்தவரான ஓர் இளைஞர் அடித்துக் கொல்லப்பட்டார். முதலில் வந்த அரசுத் தகவல், அது முகாமுக்கு வெளியே நிகழ்ந்ததாகச் சொன்னது. அமைச்சர் சில நாட்களில் அதைத் திருத்திக்கொள்ள வேண்டிவந்தது. உள்ளே இருந்தவர்கள் ஏன் தாங்களே எழுத வேண்டியிருந்தது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

பூச்சானி பாரசீக மொழியில், சிறுசிறு துண்டுகளாக, வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தார். காகிதத்தில் எழுதினால் சோதனையில் போய்விடும். அனுப்பிய செய்தியோ கைப்பேசி பறிபோனாலும் மறுமுனையில் பத்திரமாக இருக்கும். ஆஸ்திரேலியாவில் இருந்த ஒரு தோழி அவற்றை அடுக்கித் தொகுக்க, ஓமித் தொஃபிகியன் ஆங்கிலத்தில் பெயர்த்தார். 2018-இல் 'மலைகளைத் தவிர நண்பரில்லை' என்ற பொருளில் தலைப்பிட்ட அந்த நூல் வெளியானது. 2019 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் மிகப்பெரிய இலக்கியப் பரிசான விக்டோரியா பரிசை வென்றது. குடிமக்களுக்கும் நிரந்தரமாக வசிப்பவர்களுக்கும் மட்டுமே என்ற விதியை அவருக்காகத் தளர்த்தினார்கள். நூலை அரங்கில் பாராட்டியபோது நூலாசிரியர் மானுஸை விட்டு வெளியேற முடியாதவராகவே இருந்தார். அதற்குமுன் 2017-இல், கைப்பேசியிலேயே ரகசியமாக எடுத்த காட்சிகளை நெதர்லாந்தில் இருந்த இயக்குநர் அராஷ் கமாலி சர்வெஸ்தானியோடு இணைந்து ஒரு முழுநீளப் படமாக்கியிருந்தார். படத்தின் தலைப்பில் வரும் 'சௌகா' மானுஸ் தீவுக்கே உரிய ஒரு பறவை. தீவுக்காரர்கள் அதன் குரலை வைத்து நேரம் சொல்வார்கள். முகாமில் தனிமைச் சிறைக்கு அதே பெயரை வைத்திருந்தார்கள். 

அப்துல் அசீஸ் எழுதவில்லை, பேசினார். மெல்பர்னில் இருந்த பத்திரிகையாளர் மைக்கேல் கிரீனுக்கு அவர் அனுப்பிய குரல் பதிவுகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. இணைய வேகம் போதாததால் சில நொடிகள் மட்டுமே நீளும் துண்டுகள். 2017-இல் அவை வலையொலித் (பாட்காஸ்ட்) தொடராக வெளிவந்தன. பூச்சானியின் எழுத்தில் சிந்தனை இருந்தது என்றால், அசீஸின் குரலில் அன்றாடம் இருந்தது: இன்று தண்ணீர் வரவில்லை, இன்று ஒருவர் சாப்பிட மறுத்துவிட்டார், இன்று மழை. 2017 அக்டோபர் இறுதியில் முகாமை மூடுவதாகச் சொல்லி மின்சாரத்தையும் குடிநீரையும் நிறுத்தியபோது, நூற்றுக்கணக்கானோர் வெளியேற மறுத்து மூன்று வாரத்துக்கும் மேல் உள்ளேயே இருந்தார்கள். கிணறு தோண்டினார்கள், மழைநீர் பிடித்தார்கள். அந்த நாட்களைப் பற்றி வெளியுலகம் அறிந்ததில் பெரும்பகுதி அவர்கள் கையிலிருந்த கைப்பேசிகளின் வழியே வந்ததுதான். 2019-இல் மார்ட்டின் என்னல்ஸ் மனித உரிமை விருதைப் பெற ஜெனீவா சென்ற அசீஸ், சுவிட்சர்லாந்திலேயே புகலிடம் பெற்றார். அதே ஆண்டு நவம்பரில் ஓர் இலக்கிய விழாவுக்காக நியூசிலாந்து சென்ற பூச்சானிக்கு 2020 ஜூலையில் அங்கே அகதி அந்தஸ்து கிடைத்தது. வெளியே அறிமுகம் ஏற்பட்டவர்களுக்கு வெளியேற வழியும் பிறந்தது என்பது உண்மை. பெயர் தெரியாத பலநூறு பேருக்கு அது நடக்கவில்லை என்பதும் உண்மை.

காவலர் எழுதிய குறிப்புகள்

நவூருவிலிருந்து வந்த மிகக் கனமான சாட்சியத்தை எழுதியவர்கள் கைதிகள் இல்லை. காவலர்களும் ஆசிரியர்களும் சமூகப் பணியாளர்களும்தான். முகாமில் எது நடந்தாலும் ஒரு 'சம்பவ அறிக்கை' எழுத வேண்டும் என்பது விதி. 2016 ஆகஸ்டில் 'கார்டியன்' நாளிதழ் அப்படிப்பட்ட 2,116 அறிக்கைகளை வெளியிட்டது. 2013 மே முதல் 2015 அக்டோபர் வரையிலானவை. முகாமில் இருந்தோரில் குழந்தைகள் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை; அறிக்கைகளில் பாதிக்கும் மேலானவை குழந்தைகளைப் பற்றியவை. அடி, பாலியல் தொல்லை, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளல். அலுவலகத் தமிழில் நாம் படித்துப் பழகிய 'மேற்படி நபர்' பாணியில், தேதி, நேரம், இடம், தீவிரத்தின் தரம் என்று கட்டங்களில் நிரப்பிய வரிகள் அவை. உணர்ச்சியே இல்லாத அந்த மொழிதான் மறுக்க முடியாததாகவும் ஆக்கியது. கைதி மிகைப்படுத்துகிறான் என்று தள்ளிவிடலாம். சம்பளம் வாங்கும் ஊழியர் மேலதிகாரிக்கு எழுதிய குறிப்பை அப்படித் தள்ள முடியாது.

அதற்கு முன்பே ஆஸ்திரேலிய மனித உரிமை ஆணையம், ஜிலியன் ட்ரிக்ஸ் தலைமையில், தடுப்பு முகாம்களில் குழந்தைகளின் நிலை பற்றி ஒரு தேசிய விசாரணை நடத்தியிருந்தது. 2015 பிப்ரவரியில் வெளியான அதன் அறிக்கையில் குழந்தைகள் வரைந்த படங்களும் இடம்பெற்றன. அன்றைய அரசு அறிக்கையை ஒருதலைப்பட்சம் என்று சாடியது. ஆனால் பதிவுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துகொண்டே போயின. 2018-இல் மருத்துவர்கள், வழக்கறிஞர்கள், உதவி அமைப்புகள் சேர்ந்து நடத்திய இயக்கத்தின் போது, குழந்தைகளில் பலரை ஒவ்வொருவராக நீதிமன்ற ஆணை பெற்று ஆஸ்திரேலிய மருத்துவமனைகளுக்கு மாற்றினார்கள். ஒவ்வொரு ஆணைக்கும் பின்னால் ஒரு மருத்துவரின் எழுத்துமூல மதிப்பீடு இருந்தது. 2019 பிப்ரவரியில் கடைசிக் குழந்தைகளும் தீவை விட்டு வெளியேறினர்.

தாமதமாகச் சேர்ந்த தாள் எப்படிக் கொல்லும் என்பதற்கும் அதே முகாம்களில் எடுத்துக்காட்டு உண்டு. 2014 ஆகஸ்டில் மானுஸில் இருந்த 24 வயது ஈரானிய இளைஞர் ஒருவருக்குக் காலில் சீழ்ப்புண். உடனே வேறிடத்துக்கு மாற்ற வேண்டும் என்று முகாம் மருத்துவர் எழுதிய கோரிக்கை, குடிவரவுத் துறை அதிகாரிகளின் மின்னஞ்சல்களுக்கிடையே தேங்கியது. அவர் செப்டம்பரில் பிரிஸ்பேன் மருத்துவமனையில் இறந்தார். 2018 ஜூலையில் குவீன்ஸ்லாந்து மரண விசாரணை அதிகாரி, இந்த மரணம் தவிர்த்திருக்கக் கூடியது என்று எழுதினார். அந்த அறிக்கை நுணுக்கமானது, நேர்மையானது. இறந்தவரின் தாய்க்கு அது நான்கு ஆண்டு தாமதமாக வந்தது.

சில சாட்சியங்கள் பேசப்படாமலேயே விலை பேசப்பட்டதும் உண்டு. மானுஸில் அடைக்கப்பட்ட 1,905 பேர் சார்பில் தொடுத்த கூட்டு வழக்கு 2017 ஜூனில் விக்டோரியா மாநில உச்ச நீதிமன்றத்தில் விசாரணைக்கு வரவிருந்தது. சாட்சிகள் பேசுவதை இணையத்தில் நேரலையாகக் காட்டவும் ஏற்பாடாகியிருந்தது. விசாரணை தொடங்க வேண்டிய நாளிலேயே, 7 கோடி ஆஸ்திரேலிய டாலர் இழப்பீட்டுக்கு அரசும் ஒப்பந்த நிறுவனங்களும் சமரசத்துக்கு வந்தன. குற்றத்தை அரசு ஒப்புக்கொள்ளவில்லை. அந்த மனிதர்களுக்குப் பணம் தேவைதான். அதைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் திறந்த நீதிமன்றத்தில் பதிவாகியிருக்க வேண்டிய வாக்குமூலங்கள் பதிவாகாமல் போயின.

உடலே ஆவணமாகும்போது

பிரிட்டனில் புகலிடம் கேட்கும் தமிழர்களுக்கு வேறொரு வகை ஆவணம் முக்கியமானது: உடலில் உள்ள தழும்பு. 'இஸ்தான்புல் நெறிமுறை' என்று அழைக்கப்படும் ஐ.நா. வழிகாட்டி, சித்திரவதைக் காயங்களை மருத்துவர் எப்படிப் பார்க்க வேண்டும், எப்படி எழுத வேண்டும் என்று வகுத்திருக்கிறது. காயம் சொல்லப்பட்ட கதையோடு 'பொருந்துகிறது', 'பெரிதும் பொருந்துகிறது' என்று படிப்படியாகத் தரம் பிரிக்கும் மொழி அதில் உண்டு.

கே.வி. என்ற முதலெழுத்துகளால் மட்டும் அறியப்படும் ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கு இதைத் தெளிவாகக் காட்டும். விடுதலைப் புலிகளுக்காகத் தங்கம் உருக்கிய அவர், இலங்கைப் படையினர் பிடித்துச் சூடாக்கிய உலோகக் கம்பியால் சுட்டார்கள் என்று சொன்னார். வலது கையின் உட்புறத்தில் இரண்டு தழும்புகள்; முதுகில் நீளமான மூன்று. தழும்புகள் உண்மை என்பதில் யாருக்கும் ஐயமில்லை. புகலிடம் பெறுவதற்காகத் தானே ஏற்பாடு செய்து சுட்டுக்கொண்டார் என்று தீர்ப்பாயம் முடிவுசெய்தது. மருத்துவர் ஒரு வித்தியாசத்தைக் கவனித்து எழுதியிருந்தார்: கையில் உள்ள தழும்புகளின் விளிம்பு கலைந்திருக்கிறது, முதுகில் உள்ளவற்றின் விளிம்பு கூர்மையாக இருக்கிறது. கையில் சுட்டபோது வலியில் அசைந்திருக்கிறார்; முதுகில் சுட்டபோது அசைவே இல்லை. அந்த நேரத்தில் மயங்கிவிட்டேன் என்று அவர் சொன்னதோடு இது ஒத்துப்போகிறது.

2019 மார்ச்சில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அவருடைய மேல்முறையீட்டை ஏற்றது. மயக்க மருந்து கொடுத்துத் தனக்குத்தானே இவ்வளவு பெரிய காயங்களை ஏற்படுத்திக்கொள்பவர் அரிதினும் அரிதானவர். அந்த எண்ணத்தை எளிதில் ஒருவர்மேல் ஏற்றிவிடக் கூடாது என்பது தீர்ப்பின் சாரம். தழும்பு எப்படி உண்டானது என்பதோடு, சொல்லப்பட்ட கதையோடு அது எப்படிப் பொருந்துகிறது என்பதையும் மருத்துவர் எழுதலாம் என்று நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. ஒரு மருத்துவர் தழும்பின் விளிம்பை உற்றுப் பார்த்து எழுதிய சில வரிகள், மற்ற வழக்குகளுக்கும் வழிகாட்டியாயின.

இதற்கு ஆறு ஆண்டு முன்பு, 2013 பிப்ரவரி 26 அன்று, மனித உரிமைக் கண்காணிப்பகம் இலங்கைக் காவலில் நடந்த பாலியல் வன்கொடுமை பற்றி 75 பேரின் வாக்குமூலங்களுடன் ஓர் அறிக்கை வெளியிட்டது. பிரிட்டனிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டுப் பின் சித்திரவதைக்கு ஆளானவர்களைப் பற்றி அதே அமைப்பு முந்திய ஆண்டே பேசியிருந்தது. 2013 அறிக்கை வெளியான வாரத்திலேயே தமிழர்களை ஏற்றிக்கொண்டு கொழும்பு செல்ல ஒரு தனி விமானம் தயாராக இருந்தது. அது கிளம்புவதற்கு முந்தைய நாள் லண்டன் உயர் நீதிமன்றம், கோரிக்கை நிராகரிக்கப்பட்ட தமிழர்களை அதில் அனுப்புவதை நிறுத்திவைத்தது.

விடியலுக்கு முன் ஒரு காணொலி

நாடு கடத்தல் பெரும்பாலும் இருட்டில் நடக்கும். குவீன்ஸ்லாந்தின் பிலோயலா என்ற சிற்றூரில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தை எல்லைப் படையினர் 2018 மார்ச் 5 அதிகாலையில் வந்து அழைத்துச் சென்றார்கள். கணவனும் மனைவியும் 2012, 2013-இல் தனித்தனிப் படகுகளில் வந்தவர்கள். அங்கேயே திருமணம் செய்துகொண்டார்கள். இரண்டு பெண் குழந்தைகளும் அங்கேயே பிறந்தவர்கள். கணவர் ஊர் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். ஊர் மக்கள் கையெழுத்து வேட்டை தொடங்கினார்கள்.

2019 ஆகஸ்ட் 29 இரவு மெல்பர்ன் விமான நிலையத்தில் அவர்களைக் கொழும்பு செல்லும் தனி விமானத்தில் ஏற்றினார்கள். குழந்தைகள் அழ, தாய் கதறும் காணொலிகள் சில நிமிடங்களில் வெளியே பரவின. விமானம் பறந்துகொண்டிருக்கையிலேயே ஒரு நீதிபதி தொலைபேசி வழியே இடைக்காலத் தடை விதித்தார். விமானம் டார்வினில் இறங்கியது. பிறகு அக்குடும்பம் கிறிஸ்துமஸ் தீவில் அடைக்கப்பட்டது. 2021 ஜூனில் இளைய மகள் இரத்தத்தில் நச்சுக் கலந்து பெர்த் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது, படுக்கையில் அழும் அவளை அக்கா முத்தமிடும் படம் நாடெங்கும் போய்ச் சேர்ந்தது. 2022-இல் ஆட்சி மாறியதும் குடும்பம் பிலோயலாவுக்குத் திரும்பியது. ஆகஸ்டில் நிரந்தர விசா கிடைத்தது.

இந்த வழக்கில் வென்றது பரிதாபம் மட்டும் என்று சொல்வது தவறு. இளைய மகளின் புகலிட மனு முறையாகப் பரிசீலிக்கப்படவில்லை என்று 2020 ஏப்ரலில் கூட்டாட்சி நீதிமன்றம் கண்டறிந்து, அரசு இரண்டு லட்சம் டாலருக்கு மேல் வழக்குச் செலவு தர வேண்டும் என்றது. காணொலி நேரத்தைச் சம்பாதித்துத் தந்தது. கோப்பு வழக்கை வென்றது. இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் அந்தக் குழந்தைகள் இலங்கைக்குப் போயிருப்பார்கள்.

விமானம் தரையிறங்கிய பிறகு நடப்பதைத்தான் மிகக் குறைவாகப் பதிவு செய்திருக்கிறோம். திருப்பி அனுப்பிய நாடு அதோடு கோப்பை மூடிவிடுகிறது. சிட்னியின் எட்மண்ட் ரைஸ் மையம், நவூருவிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டோரையும் பிறரையும் தேடிப் பல நாடுகளுக்கு ஆட்களை அனுப்பி, 2004-இலும் 2006-இலும் அறிக்கைகள் வெளியிட்டது. ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பப்பட்டவர்களில் கொல்லப்பட்டோர் உண்டு என்று அதில்தான் தெரியவந்தது. பிரிட்டனில் ஓர் அமைப்பு, பதினெட்டு வயது நிரம்பியதும் காபூலுக்கு அனுப்பப்பட்ட 25 இளைஞர்களைத் தொடர்ந்து கண்காணித்து 2016-இல் அறிக்கை தந்தது. இத்தகைய வேலைக்குப் பணமும் பொறுமையும் வேண்டும். தேடிக் கண்டுபிடிப்பதே கண்டுபிடிக்கப்பட்டவருக்கு ஆபத்தாகிவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெயரைக் காப்பதும் பதிவுதான்

2014 பிப்ரவரியில் ஆஸ்திரேலியக் குடிவரவுத் துறை தன் வலைத்தளத்தில் ஒரு புள்ளிவிவர அறிக்கை போட்டது. அதனுள் தடுப்புக்காவலில் இருந்த ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரின் முழுப்பெயர், பிறந்த தேதி, நாடு ஆகியவை தவறுதலாக இடம்பெற்றிருந்தன. தாயகத்து அரசுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்றே பலர் தப்பி வந்திருந்தார்கள். அவர்களின் விவரம் எவர் கைக்கும் கிடைக்கும் நிலை உண்டானது. 2021 ஜனவரியில் தனியுரிமை ஆணையர், பாதிப்பை எடுத்துச் சொன்ன 1,297 பேருக்கு இழப்பீடு தரவேண்டும் என்று தீர்மானித்தார். நடுக்கடலில் 157 பேர் இருப்பதையே சொல்ல மறுத்த அதே துறைதான் சில மாதங்களுக்கு முன் ஒன்பதாயிரம் பெயர்களைக் கசியவிட்டிருந்தது. மறைக்க வேண்டியதை வெளியிட்டு, வெளியிட வேண்டியதை மறைத்தது.

ஆகவே ஆவணப்படுத்துபவர்களின் முதல் கடமை, யாருடைய பெயர் எங்கே போகலாம் என்று தீர்மானிக்கும் உரிமையை அந்த மனிதரிடமே விடுவது. கே.வி. என்ற இரண்டெழுத்து அவருடைய குடும்பத்துக்கான வேலி. பூச்சானி முதலில் புனைபெயரிலும் பிறகு சொந்தப் பெயரிலும் எழுதினார்; இரண்டு முடிவையும் அவரே எடுத்தார். ஒரு கைதியின் கண்ணீரைப் படமெடுத்து அவருடைய சம்மதமின்றிப் பரப்புகிறவர், நல்ல நோக்கத்தோடு செய்தாலும், அவர்மேல் இன்னொரு எண்ணைத்தான் ஒட்டுகிறார்.

இந்தப் பணிக்கு முன்னால் இப்போது ஒரு பெரிய சுவர் எழும்பியிருக்கிறது. தடுப்பு முகாம்களில் கைப்பேசிக்கு விதித்த முழுத் தடை செல்லாது என்று 2018-இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் 2024 நவம்பரில் ஆஸ்திரேலிய நாடாளுமன்றம், கைப்பேசி உள்ளிட்ட பொருட்களைத் தடுப்பு முகாம்களில் தடைசெய்ய அமைச்சருக்கு அதிகாரம் தரும் சட்டத்தை நிறைவேற்றியது. காலவரையற்ற தடுப்புக்காவல் செல்லாது என்று 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் சொன்னதால் விடுவிக்கப்பட்டவர்களில் ஒரு பகுதியினரை நவூருவுக்கே அனுப்ப, 2025-இல் அந்நாட்டோடு ஒப்பந்தமும் ஆகிவிட்டது. விசாத் தடையாலும் கட்டணச் சுமையாலும் செய்தியாளர் எவரும் அங்கே எளிதில் போய்ப் பார்க்க முடியாது. உள்ளே இருப்பவர் கையில் கைப்பேசி இருந்தால்தான், மருத்துவரின் கடிதம் எந்த மேசையில் எத்தனை நாள் கிடந்தது என்றும், எந்த இரவில் யாரை வண்டியில் ஏற்றினார்கள் என்றும் அன்றே தெரியும். அந்தக் கைப்பேசியைத் தடைசெய்யக் கூடாது. நீதிமன்ற ஆணையின்றிப் பறிக்கக் கூடாது. சம்பவ அறிக்கைகளை அவை எழுதப்படும் நாளிலேயே அரசுக்கு வெளியே ஒரு சுதந்திர அமைப்பும் பெற வேண்டும். திருப்பி அனுப்பப்பட்டவர் என்ன ஆனார் என்று ஓராண்டாவது விசாரிக்கும் கடமை அனுப்பிய நாட்டுக்கு இருக்க வேண்டும். புதுச்சேரியிலிருந்து கிளம்பிய அந்த 157 பேருக்காக ஒரு வழக்கறிஞர் குழு ஒரே நாளில் செய்ததை, இனி வருபவர்களுக்குச் சட்டமே செய்ய வேண்டும்.